மூலிகை என்று சொல்லி வந்த பசியடக்கி

மருந்துக்கடை நடத்தும் நான், எடை குறைய மாத்திரை கேட்டு வருபவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆயினும், ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வந்த ஒரு பெண்மணியின் நிலை என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. நாற்பதைத் தாண்டிய அவருக்கு அதுவரை ரத்த அழுத்தத் தொல்லையே இருந்ததில்லை. அன்றோ அழுத்தமும் நாடித்துடிப்பும் ஒருசேர உயர்ந்திருந்தன. வாய் உலர்கிறது, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றார். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

"மருந்தெல்லாம் இல்லை தம்பி, மூலிகை கேப்சூல்தான். சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார். போட்ட சில நாளிலேயே பசி நின்றுவிட்டது" என்றார்.

அவ்வளவு விரைவில் பசி நின்றது என்பதே எனக்கு உறுத்தியது. புட்டியில் தயாரிப்பாளர் முகவரியும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. கேப்சூலை உடனே நிறுத்தச் சொல்லி, புட்டியோடு மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, சிபுட்ரமின் கலந்திருக்கலாம் என்று ஐயுற்றார். கேப்சூல் ஆய்வகத்தில் சோதிக்கப்படாததால் அது ஐயமாகவே நின்றுவிட்டது; ஆனால் காரணமற்ற ஐயம் அன்று.

சிபுட்ரமின் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பசியடக்கி. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான நார்அட்ரினலின், செரோட்டோனின் ஆகியவை மீள உறிஞ்சப்படுவதைத் தடுத்து வயிறு நிறைந்த உணர்வைத் தரும் இம்மருந்து, அதே நார்அட்ரினலின் வழியாக இதயத்தையும் வேகமாகத் துடிக்க வைக்கிறது. இதயநோயோ நீரிழிவோ உள்ள, ஏறத்தாழ 10,000 பேரிடம் நடந்த ஸ்கவுட் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களுள் 10 சதவீதத்தினருக்கும், சிபுட்ரமின் பெற்றவர்களுள் 11.4 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது; 2011 பிப்ரவரியில் இந்தியாவும் தடை செய்தது. அதன் பிறகும், 'இயற்கை' என்று விற்கப்படும் மெலிவு மருந்துகளில் இது ஒளிந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. என்னைப் பொறுத்தவரை, வெளிப்படையாக எழுதிக் கொடுக்கப்படும் மருந்தைவிட இதுவே கொடியது; ஏனெனில், செரோட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும் ஒருவர் இதையும் சேர்த்து விழுங்கினால் செரோட்டோனின் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும், அதை முன்கூட்டியே தடுக்க மருத்துவருக்கு வழியே இல்லை.

கேப்சூலை நிறுத்திய சில வாரங்களில் அவருடைய அழுத்தம் இறங்கியது. பசியும் திரும்பியது, குறைந்த எடையில் பெரும்பங்கும் திரும்பியது. முழங்கால் வலியோடு மாடி ஏறி வேலைக்குச் செல்லும் அவருக்கு அது பெரிய வருத்தம். இப்போது அதே மருத்துவரிடம் எடைக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்று வருகிறார்.