சீரோ டேர்ன் மோவர் பாக்கப் போனாக்கள், வச்சிருக்கிறாக்கள் அனுபவத்தைப் போடுங்கோ

ஹோமாகம அண்ணர்

காணி ஒண்டரை ஏக்கர், முக்கால்வாசி மலேசியன் கிராஸ், இடையில இடையில தென்னை. பிரஷ் கட்டரோட வாற பெடியன் ஒரு மூலையில தொடங்கி மற்ற மூலைக்குப் போய்ச் சேரேக்குள்ள தொடங்கின மூலை திரும்ப வளந்து நிக்கும், ஒக்டோபர் மழைக்குச் சொல்லவே வேண்டாம். அதால தான் இந்த ஆசை. சீரோ டேர்ன் எண்டா ஏறியிருந்து ரெண்டு லிவரால ஓடுற, நிண்ட இடத்திலயே திரும்புற புல்லு வெட்டுற மெஷின் எண்டு இங்க தெரியாதாக்கள் இல்ல, நேரா விசயத்துக்கு வாறன்.

பாவிச்ச ஒண்டு விக்கக் கிடக்கெண்டு கேள்விப்பட்டுப் பாக்கப் போனன். டெக், அதுதான் பிளேட் சுத்துற கீழ்மூடி, 42 இஞ்ச் அகலம், எஞ்சின் சத்தமும் நல்லா இருந்தது. விக்கிறவர் தானே ஏறியிருந்து ஓடிக் காட்டினார். நேரா ஓடேக்க ஒரு குறையும் இல்ல. பிறகு எனக்கு முன்னால கொண்டந்து நிப்பாட்டி “இப்ப பாருங்கோ சேர்” எண்டுட்டு ஒரு லிவரை மட்டும் முன்னுக்குத் தள்ளி மற்றதை அசையாமப் பிடிச்சு நிண்ட இடத்திலயே ஒரு சுத்து. சுத்தி முடியப் பாக்கிறன், உள்பக்கச் சில்லு நிண்ட இடத்தில புல்லு வட்டமா உரிஞ்சு செம்மண் தெரியுது. விடிய மழை பெய்த நிலம். மனிசன் இறங்கி, உரிஞ்ச புல்லைச் செருப்புக் காலால திரும்பத் தட்டி வச்சுட்டு, “அது பிடிச்சிடும் சேர்” எண்டு சிரிக்கிறார். நான் விலையே கேக்கேல்ல, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திட்டன்.

வீட்ட வந்து தென்னையளைப் பாக்கப் பாக்க அந்த வட்டம்தான் ஞாபகம். ஒவ்வொரு மரத்தையும் சுத்தேக்க இப்பிடியெண்டா ஆறு மாசத்தில புல்லே மிஞ்சாது. வச்சிருக்கிறாக்கள் சொல்லுங்கோ, இது இப்பிடித்தானா?

ஸ்காபரோல இருந்து திரும்பினவன்

அண்ணை, கிழிச்சது மெஷின் இல்ல, அவர்ட கை. ஒரு சில்லை நிப்பாட்டி வச்சு மற்றதை மட்டும் ஓட விட்டா நிக்கிற சில்லு மண்ணில முறுகும், எந்த நாட்டிலயும் கிழியும். திரும்பேக்க ரெண்டு சில்லும் உருள வேணும், ஒண்டு முன்னுக்கெண்டா மற்றது கொஞ்சம் பின்னுக்கு. இல்லாட்டி ரிவர்ஸ் எடுத்து மூண்டு வெட்டில திரும்ப வேணும். அங்க கனடாவில லேண்ட்ஸ்கேப்பிங் வேலைக்குச் சேர்ந்தா முதல்ல பழக்கிறதே இதைத்தான்.

எனக்கு இன்னும் கடுப்பேத்துற விசயம் வேற. இங்க வந்து தலவத்துகொடயில சொந்தக்காரர் ஒராள் 54 இஞ்ச் ஒண்டு இறக்கினவர். லொறியில இருந்து பலகை வச்சு இறக்கி, ஊரே பாத்துக்கொண்டு நிக்க, பின் வளவுக்குப் போற சின்னக் கேற்றடிக்குக் கொண்டு போனா மெஷின் உள்ளுக்குப் போகுதில்ல. டெக் 54 தான், ஆனா புல்லுத் தள்ளுற சூட் பக்கத்தால நீட்டிக்கொண்டு நிக்குமே, அதை ஒருத்தரும் அளக்கேல்ல. தூக்கி மடிச்சும் பாத்தம், அப்பவும் போகுதில்ல. அக்கா வாசலில நிண்டு “மதிலை உடைக்கலாமே” எண்டா, பகிடியா சீரியஸா எண்டு இண்டைக்கும் தெரியாது. கடைசியில கேற்றுத் தூண் ஒண்டு போச்சு.

போல்கொடக் கரை

ஸ்காபரோ தம்பி கனடாப் புல்லை வச்சு நியாயம் சொல்றார். அங்க மண்ணுக்குள்ள பாய் மாதிரி வேர் பின்னிக் கிடக்கும். மலேசியன் கிராஸ் மண்ணுக்கு மேலால தண்டு ஓடிப் பரவுற சாதி, வேர் ஆழமில்ல, மண் ஊறி இருக்கேக்க என்ன கைப்பழக்கம் இருந்தாலும் கொஞ்சம் உரியத்தான் செய்யும். அதோட 250 கிலோவுக்குக் கிட்ட வார பாரம், அதுக்கு மேல ஏறி இருக்கிற ஆள்.

ஆனா ஹோமாகம அண்ணர், உங்க காணி சமதரையா சரிவா எண்டு நீங்க சொல்லவே இல்ல. நான் அதைத்தான் முதல்ல கேப்பேன்.

மாமாட வீடு வாவிப் பக்கம். வீட்டில இருந்து தண்ணி வரைக்கும் புல்லு இறக்கமா போகும், பாக்க வடிவு. அண்டைக்குப் புல்லில ஈரம் காயல. மாமா மேல இருந்து கீழ இறக்கிட்டு வாறார், நான் கரையில கதிரையில இருக்கேன். பாதி வந்ததும் சில்லு சுத்துறது நிண்டுட்டு, மெஷின் மட்டும் வருது. ரெண்டு லிவரையும் இழுத்துப் பிடிச்சிருக்கார், கை நரம்பு எல்லாம் தெரியுது, மெஷின் சறுக்கிக்கிட்டு வருது, முன் சில்லு ரெண்டும் சூப்பர்மார்க்கட் ட்ரொலி சில்லு மாதிரி தன் பாட்டில ஆடுது. அப்பதான் எனக்கு உறைச்சது, இந்த மெஷின்ல ஸ்டியரிங், பிரேக் எல்லாமே பின் சில்லு ரெண்டுதான், அதுக்குப் பிடி போனா மிச்சம் ஒண்டுமே இல்ல. கரையில நிண்ட கித்துள் மரத்தில டெக் இடிச்சு நிண்டிச்சு. மாமா இறங்கி மரத்தைத் தடவிப் பாத்தார், மரத்துக்குக் காயமோ எண்டு. எனக்குத்தான் கை நடுங்கிச்சு.

15 டிகிரிக்கு மேல ஓட வேணாம் எண்டு அனேகமான மனுவல்ல இருக்கு. 15 டிகிரி எண்டா 10 அடி போக 2 அடி 8 இஞ்ச் ஏறுற சரிவு, கண்ணால பாத்தா பெருசாத் தெரியாது. அதுவும் காஞ்ச புல்லுக்குச் சொன்னது. தண்ணி, மதில் விளிம்பு, பள்ளம் இருந்தா ரெண்டு மெஷின் அகலம் தள்ளி நிக்கணும், அந்தக் கரையைக் கைமெஷினால வெட்டணும்.

கராஜ் நானா

எல்லாரும் புதுசு வாங்குற மாதிரியே கதைக்கிறீங்க. அண்ணர் பாக்கப் போனது பாவிச்ச சாமான். அதப் பத்தி ஒத்தரும் வாய் தொறக்கல்ல.

என்ட கதை சின்னக் கதைதான். ஒரு ஹாஜியார் வெளிநாட்டுல ஈந்து வந்த சாமானோட ஒண்டு எடுத்தார், நான்தான் போய்ப் பாத்தேன். ஓடிக்கிட்டு ஈக்கும்போதே சீட்ல ஈந்து எழும்பிப் பாத்தேன், எஞ்சின் நிக்கல்ல. குனிஞ்சு பாத்தா சீட்டுக்குக் கீழ சுவிட்ச்ச களட்டி ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்தி ஈந்திச்சி. அல்லாஹ், ஆள் விழுந்தா பிளேட் சுத்திக்கிட்டே ஈக்கும். அந்தக் கறுப்பு டேப் இன்னும் என்ட கண்ணுக்குள்ள ஈக்கி.

இப்ப கேளுங்க. ஹோமாகம அண்ணர் கேக்கல்லதான், பரவால்ல, சொல்றேன். எந்த மெஷினா ஈந்தாலும் முதல் வேலை சீட்ல ஈந்து எழும்பிப் பாருங்க, பிளேட்ட ஓட விட்டுட்டு எழும்பினா அந்த செக்கன்லயே எஞ்சின் சாகணும். அடுத்தது ஹைட்ரோ, எண்ணெய் அழுத்தத்தால சில்லச் சுத்துற சாமான். பின் சில்லு ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு ஹைட்ரோ தனித்தனியா ஈக்கி, அதுதான் மெஷின்ட உயிர், விலையும் அதுலதான். குளிரா ஈக்கும்போது எல்லா ஹைட்ரோவும் நல்லாத்தான் ஓடும், விக்கிறவங்க அஞ்சு நிமிசம் ஓட்டிக் காட்டிட்டு நிப்பாட்டுறது அதுக்குத்தான். நீங்க வெட்டிக்கிட்டே அரை மணித்தியாலம் ஓட்டுங்க, எண்ணெய் சூடாகட்டும், பொறகு சின்ன ஏத்தத்துல ஏத்துங்க. முனகிக்கிட்டு ஏறாம நிண்டா ஹைட்ரோ தேஞ்சிட்டு, வீட்டுக்குப் போங்க. ரெண்டு லிவரையும் ஒரே அளவு தள்ளி நேரா போகுதா பாருங்க. ஒரு பக்கம் இழுத்தா சில நேரம் டயர் காத்துதான், சில நேரம் ட்ரெக்கிங், அதாவது ரெண்டு சில்லுட வேகத்தையும் ஒண்டாக்குறது, அட்ஜஸ்ட் பண்ணினா சரி, சில நேரம் அந்தப் பக்க ஹைட்ரோ. முதல்ல காத்தப் பாருங்க. வீட்டு மாடல்ல அனேகமா ஹைட்ரோ சீல் பண்ணினது, எண்ணெய் மாத்துறதுக்கு இடம் விட மாட்டாங்க. கொமர்ஷல்ல தனி ஃபில்டர் ஈக்கும், விலையும் அப்பிடித்தான். மெஷின் ஸ்டார்ட் ஆகி அசையவே இல்லாட்டி உடனே பயப்பட வேணாம், எஞ்சின் இல்லாம கையால தள்ளிக்கிட்டுப் போறதுக்கு பின் பக்கம் பைபாஸ் லிவர் ஈக்கி, அத இழுத்து விட்டு மறந்திருப்பாங்க, சில பேர் அதக் காட்டியே விலையக் கொறைப்பாங்க. பொறகு டெக்குக்குக் கீழ தலைய வச்சுப் பாருங்க, டோர்ச் அடிச்சு. நம்ம மழைக்கு ஈரப்புல்லு ஒட்டிக் காஞ்சு தகட்ட உள்ளுக்கால திண்டுடும், மேல பெயின்ட் பளபளண்டு ஈக்கும். பிளேட்டப் பிடிச்சு மேல கீழ ஆட்டுங்க, ஆட்டம் ஈந்தா ஸ்பின்டில், அதாவது பிளேட் சுத்துற தண்டு, அதுட பெயாரிங் போயிட்டு. கை வைக்கிறதுக்கு முதல்ல பிளக் வயரக் களட்டுங்க. எத்தின மணித்தியாலம் ஓடினது எண்டு காட்டுற மீட்டர நம்ப வேணாம், லிவர்ட ரப்பர் பிடி தேஞ்சிருக்கிற அளவப் பாருங்க, அது பொய் சொல்லாது.

வத்தளை மகள்

நானா சொன்ன சீட் சுவிட்ச் விசயம் உண்மையிலயே பெரிய விசயம், எல்லாரும் கவனிங்க. ஆனா எல்லாரும் ஓடுற ஆளைப் பத்தியே கதைக்கிறீங்க, பக்கத்தில நிக்கிறவங்களை மறந்திட்டீங்க.

அப்பாக்கு ரிட்டயர் ஆன பிறகு இந்த மெஷின்தான் உலகம். சூட் மதில்ல முட்டுது எண்டு அதைக் கழட்டி கராஜ்ல சாத்தி வச்சிட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஆக்கள் வந்திருக்காங்க, அப்பா தென்னைக்குக் கீழால ஒரு ரவுண்ட் போறார். குரும்பை ஒண்டு உள்ளுக்குப் போச்சு. “டப்” எண்டு ஒரு சத்தம், அடுத்த செக்கன் அங்கிள் ஒருத்தர்ட கையில இருந்த கிளாஸ் இல்ல. உடைஞ்சது இல்ல, இல்ல! பின்னால சுவர்ல குரும்பை அடிச்ச பச்சைக் கறை. அங்கிள்ட விரல் அப்பிடியே கிளாஸ் பிடிச்ச மாதிரி வளைஞ்சிருக்கு, காயமே இல்ல. அம்மா ஜெபமாலையை எடுத்திட்டா.

அதனால சூட்டை எந்தக் காரணத்துக்கும் கழட்டாதீங்க, தென்னங்காணியில வெட்ட முதல் குரும்பை, மட்டை எல்லாம் பொறுக்கணும். ஸ்காபரோ அண்ணா, உங்க சொந்தக்காரரும் கேற்றுக்காகக் கழட்டிடுவார், சொல்லி வைங்க.

இன்னொண்டு, இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கு, ஆளைப் பிடிச்சு வெட்டலாமே எண்டு யாரும் வந்து சொல்ல முதல் நானே சொல்றேன், ஆள் கிடைக்கிறதில்ல. ஆனா 2022ல பெற்றோல் 470 ரூபா, கேனுக்கு அடிக்கவும் மாட்டாங்க எண்டு நிண்ட நேரம் எங்கட வளவு இடுப்பளவு வளந்திச்சு, அப்ப அப்பா மாடு வாங்கலாமா எண்டு யோசிச்சார்.

ஹோமாகம அண்ணர்

எல்லாருக்கும் நன்றி. போல்கொடக் காரர், காணி அனேகமா சமதரை, பின் வேலிப் பக்கம் மட்டும் வயலுக்கு இறங்குது. போனில டிகிரி பாக்கிற ஆப்பை நீளப் பலகையில வச்சுப் பாத்தன், ஒரு இடத்தில 17 காட்டுது. அந்தத் துண்டை பிரஷ் கட்டர் பெடியனுக்கே விடுறன்.

நானா, 42 இஞ்ச் எனக்குக் காணுமா? மணிக்கு 5 மைல் வேகத்தில இடைவெளி விடாம வெட்டினா கணக்குக்கு ஒரு மணித்தியாலத்தில 2 ஏக்கர் வருது.

கராஜ் நானா

கணக்கு கடதாசியில சரி. தென்னை ஈக்கிற காணியில அதுல பாதிய எடுத்துக்கங்க, பின்ன உரசல் இல்லாம மெதுவா திரும்புறதுக்கும் நேரம் போகும். 42 காணும். பெரிய டெக் எடுத்தா மேடு பள்ளத்துல புல்ல மொட்டையடிக்கும்.

ஸ்காபரோல இருந்து திரும்பினவன்

வத்தளைத் தங்கச்சி, சூட்டைக் கழட்டேல்ல, தூண்தான் கழண்டது எண்டு மேல தெளிவா எழுதியிருக்கிறன். போல்கொட அண்ணை, கனடாவிலயும் மழை பெய்யும்.

போல்கொடக் கரை

பெய்யும். ஆனா மே மாசம் இங்க பெய்யிற மாதிரி பெய்யுமா?

வத்தளை மகள்

ரெண்டு பேரும் விடுங்க. நானா, அப்பாட டெக் பெல்ட் வெடிச்சிருக்கு. பழசு ரெண்டு துண்டாத்தான் கிடக்கு, நம்பர் அழிஞ்சிட்டு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில அளந்து எடுக்கலாமா?

கராஜ் நானா

எடுக்கலாம், ஆனா வெடிச்ச பெல்ட் இழுபட்டு ஈக்கும், அத அளந்தா நீளம் கூடத்தான் வரும். டெக் மேல ஒட்டின ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் ஈக்கும், இல்லாட்டி சீட்டத் தூக்கிப் பாருங்க. அதப் படம் எடுத்துப் போடுங்க. கார் பெல்ட் போட்டுப் பாக்க வேணாம், டெக் கிளச் பிடிக்கும்போது வழுக்கி எரிஞ்சிடும்.