எகிப்தியர் வாழ்வும் நைலின் நில அமைப்பும்: வகுப்பில் எழுந்த சில ஐயங்கள்

ஏற்காட்டு ஆசிரியை (கேள்வி):

வணக்கம். சேர்வராயன் மலையில் உள்ள ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிற்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பண்டைய எகிப்தை 'நைலின் கொடை' என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது என் வழக்கம்; இம்முறை பிள்ளைகள் கடக்க விடவில்லை. அவர்கள் அறிந்த ஓடைகள் மழை பெய்தால் பெருகி, நின்ற சில நாள்களில் வெறும் கற்களைக் காட்டுபவை. ஆகவே, மழையே இல்லாத பாலையில், அதுவும் கடுங்கோடையில், வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவன் கேட்டான். வரைபடத்தில் கீழே இருக்கும் தென்பகுதிக்கு 'மேல் எகிப்து' என்று பெயர் வந்தது ஏன் என்பது ஒரு மாணவியின் ஐயம். எகிப்தியர் வயல்நிலத்தைக் கறுப்பு நிலம் என்றும் பாலையைச் சிவப்பு நிலம் என்றும் அழைத்ததைச் சொன்னபோது, "எங்கள் தாத்தா செம்மண்ணில்தானே நிலக்கடலை போடுகிறார்?" என்று அவளே என்னை மடக்கினாள். அம்மக்களின் அன்றாடப் பழக்கங்களில் எவை அந்த நிலத்திலிருந்து பிறந்தவை என்று அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

மேட்டூர்வாசி:

அம்மா, வணக்கம். பாசனப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் நீரைப் பற்றி மட்டும் கூறுகிறேன். 'மேல்' என்பது தாளின் மேற்புறம் அன்று, ஆறு வரும் மேட்டுப்பக்கம். தலைமடை, கடைமடை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். நம் மொழியிலும் நிலம் உயர்ந்த திசை மேற்கு, தாழ்ந்த திசை கிழக்கு என்றே பெயர் பெற்றிருக்கிறது. எகிப்தியருக்கு வடக்கு நோக்கி ஓடுவதே ஆற்றின் இயல்பு. அதனால் எகிப்திய மன்னன் முதலாம் துட்மோஸின் கல்வெட்டு, தெற்கு நோக்கி ஓடும் மேற்காசிய ஆறான யூப்ரடீசைத் தலைகீழாக ஓடும் நீர் என்று வியப்போடு குறிப்பிடுகிறது.

வெள்ளத்திற்கு மேட்டூரையே சான்றாகக் காட்டலாம். ஆடி மாதத்தில் இங்கே வானம் வறண்டிருக்க, குடகில் பெய்த மழையால் அணை நிரம்புவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அவ்வாறே எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் கோடையில் பெய்யும் மழை, நீல நைல், அத்பாரா என்னும் துணையாறுகள் வழியாக வண்டலைச் சுமந்து எகிப்துக்கு வந்தது. ஜூன் இறுதியில் எகிப்தின் தென்கோடியான அஸ்வானில் ஏறத் தொடங்கும் நீர், செப்டம்பரில் உச்சம் தொட்டு, நவம்பருக்குள் வடிந்துவிடும். இந்த ஒழுங்கே அவர்களின் ஆண்டாயிற்று: வெள்ளக் காலம், முளைப்புக் காலம், அறுவடைக் காலம் என 30 நாள் மாதங்கள் நான்கு கொண்ட மூன்று பருவங்கள், ஆண்டிறுதியில் 5 நாள்கள். மிகைநாள் சேர்க்காததால் அந்த நாள்காட்டி நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவத்தை விட்டு விலகிச் சென்றது என்பது வேறு கதை.

வெள்ளம் தானாக வயலை விளைவித்துவிடவில்லை. கரை கட்டிப் பாத்திகளாகப் பிரித்து, நீரைப் பல வாரங்கள் தேக்கி, மண் ஊறியபின் வடித்துவிட்டு, அந்தச் சேற்றில் கோதுமையும் பார்லியும் விதைத்தனர். வடியும் நீர் உப்பையும் கழுவிச் சென்றதால் நிலம் உவராகவில்லை. நாம் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று காலையில் செய்தித்தாளைப் புரட்டுவது போல, அஸ்வானை ஒட்டிய எலிபன்டைன் தீவில் படிக்கட்டில் கோடிட்டு ஆற்றின் உயரத்தை அளந்தனர். விளைச்சலையும் வரியையும் மதிப்பிட அந்த அளவு உதவியது.

அம்மாப்பேட்டை நெசவாளி:

மேலே எழுதிய ஐயா காற்றை விட்டுவிட்டார். என் கருத்தில் நீரைப் போலவே அந்நாட்டை ஒன்றாகக் கட்டியது காற்றுதான். ஆறு வடக்கே ஓட, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசியது. ஆகவே போகும்போது நீரோட்டமும் திரும்பும்போது பாயும் துணை நின்றன. அவர்களின் எழுத்திலேயே தெற்கே செல்லுதலைக் குறிக்கப் பாய் விரித்த படகும், வடக்கே செல்லுதலைக் குறிக்கப் பாய் இல்லாத படகும் வரையப்பட்டன. அஸ்வானின் கருங்கல் 800 கி.மீ.க்கும் அப்பாலுள்ள கீசாவுக்கு இந்த வழியில்தான் சென்றது. 2013இல் செங்கடற்கரையில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில், மெரெர் என்ற அலுவலர் தம் ஆள்களோடு தூரா என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கீசாவில் மன்னன் கூஃபுவின் பிரமிடுக்குப் படகில் கொண்டுசென்ற நாள்வாரிக் குறிப்பு உள்ளது.

நீர் இறைக்கும் ஏற்றமும் அங்கே இருந்தது, ஆனால் 'புதிய அரசு' எனப்படும் பிற்காலத்தில்தான் (கி.மு. 16ஆம் நூற்றாண்டு முதல்) வந்தது. பெரும்பாலும் தோட்டங்களுக்கே பயன்பட்டது. நம்மூரில் ஆள் மரத்தின்மேல் நடந்து எடை கொடுப்பார். அங்கே பின்முனையில் களிமண் உருண்டையைக் கட்டினர். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இன்னொன்று: 'எகிப்துப் பருத்தி' என்று இன்று விற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாரோக்கள் உடுத்தியது ஆளிச்செடி நாரில் நெய்த லினன்.

ஓமலூர் வாசகர்:

இருவரும் கூறியவை சரியே. ஆயினும் இயற்கை எப்போதும் தாயாகவே நடந்துகொண்டது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. வெள்ளம் குறைந்தால் பஞ்சம். மிகுந்தால் பச்சைச் செங்கல் வீடுகள் கரைந்துபோகும். கி.மு. 2200 அளவில் பெரும் பிரமிடுகளைக் கட்டிய 'பழைய அரசு' சிதைந்ததற்குத் தொடர்ந்து தாழ்ந்த வெள்ளமும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதுவே முழுக் காரணம் என்போரை நான் ஏற்பதில்லை. தேங்கிய நீரில் வாழும் நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணியின் முட்டைகள் மம்மிகளில் கண்டறியப்பட்டுள்ளன. ரொட்டியில் கலந்த மணலால் அரசகுடும்பத்தாரின் பற்கள்கூடத் தேய்ந்திருந்தன.

சிவப்பு நிலத்தையும் வீண்நிலம் என்று ஒதுக்கிவிட முடியாது. பொன் கிழக்குப் பாலையிலும், செம்பு சினாயிலும், உடலைப் பதப்படுத்தும் நேட்ரான் உப்பு மேற்கே உள்ள வாடி நட்ரூனிலும் கிடைத்தன. வயலாகும் நிலம் ஒடுக்கமாக இருந்ததால் இறந்தோரைப் பாலையோரத்தில் புதைத்தனர். சூடான மணலில் உடல் அழுகாமல் உலர்ந்ததைக் கண்டதே மம்மி செய்யும் எண்ணத்திற்கு வித்திட்டிருக்கலாம். ஆக, அந்த மாணவியின் தாத்தாவுக்குச் செம்மண் கடலை தந்தது போல, அவர்களுக்கும் சிவப்பு நிலம் தன் பங்கைத் தந்தது.

ஏற்காட்டு ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. பாய் விரித்த படகையும் விரிக்காத படகையும் நாளை கரும்பலகையில் வரைந்து, எது எத்திசை என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன். அந்த வெள்ளம் இன்றும் வருகிறதா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

மேட்டூர்வாசி:

வருவதில்லை, அம்மா. 1970இல் அஸ்வான் உயரணை கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து வெள்ளம் நாசர் ஏரியிலேயே நின்றுவிடுகிறது. ஆண்டு முழுவதும் பாசனம் கிடைக்கிறது. வண்டல் வருவது நின்றதால் உழவர்கள் உரத்தை விலைக்கு வாங்கி இடுகிறார்கள்.