ஃபாலோ குறையுள்ள குழந்தைக்கு மரபணுச் சோதனை எதற்கு?

கேள்வி
எங்கள் மகனுக்கு ஐந்து மாதம் ஆகிறது. அழும்போது உதடும் நகமும் நீலம் பாரித்ததால் எக்கோ எடுத்தோம். டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்றார்கள்; இதயத்தின் கீழறைகளுக்கிடையே ஓட்டையும், நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் வழியில் குறுகலும் சேர்ந்த பிறவிக் குறையாம். அறுவைக்கு முன், 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இரு வீட்டிலும் இதய நோயோடு பிறந்தவர் எவருமில்லை. நான் அக்காள் மகளை மணந்ததே காரணம் என்று உறவினர் பேசுவதைக் கேட்டு மனைவி உடைந்துபோயிருக்கிறாள். எப்படியும் ஓட்டையை அடைக்கத்தான் போகிறார்கள். பிறகு இந்தச் சோதனை எதற்கு?

மறுமொழி 1
சொந்தத்தில் மணம் முடிப்பது பிறவி இதயக் குறைகளின் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுவது உண்மையே. ஆனால் இந்த 22ஆம் குரோமோசோம் விடுபாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த இடத்தில் ஒரே மாதிரியான டி.என்.ஏ. வரிசைகள் அடுத்தடுத்து இருப்பதால், கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது அவை தவறாக இணைந்து நடுத்துண்டு உதிர்ந்துவிடுகிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது புதிதாகவே நேர்கிறது. ஃபாலோ குறையுள்ளவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகிறது.

உதிரும் துண்டில் உள்ள டி.பி.எக்ஸ்.1 மரபணு, இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்கள் உருவாகவும், தைமஸ் (நோய் எதிர்ப்பு அணுக்களை வளர்க்கும் சுரப்பி), பாராதைராய்டு (இரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் சுரப்பி), அண்ணம் ஆகியவை அமையவும் தேவைப்படுவது. பாராதைராய்டு குறைந்தால் கால்சியம் தாழும். ஏற்றும் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் அதை மேலும் தாழ்த்தும். தைமஸ் குறைந்தால் எதிர்ப்பாற்றல் தாழும்; அப்போது ஏற்றும் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குழந்தையின் உடலைத் தாக்காதிருக்க, கதிர்வீச்சு செலுத்திய இரத்தமே ஏற்ற வேண்டும். ஆகவே, முடிவு அறுவை அரங்குக்கே தேவைப்படுகிறது.

மறுமொழி 2
என் மகளுக்கு முதலில் சாதாரண குரோமோசோம் சோதனை மட்டும் செய்து, எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு சிறிய விடுபாடு அதில் பெரும்பாலும் தெரியாது. சிறு விடுபாட்டையும் காட்டும் ஃபிஷ் அல்லது மைக்ரோஅரே சோதனைதானா என்று சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பால் குடிக்கும்போது உங்கள் மகனுக்கு மூக்கு வழியே வருகிறதா?

கேட்டவர்
ஆம், அம்மா. சளி என்றே நினைத்துத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தோம். நாளையே சோதனைக்குக் கொடுக்கிறோம். அடுத்த குழந்தைக்கும் வருமா?

மறுமொழி 1
பால் மூக்கில் வருவதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அண்ணத்தைப் பார்க்க வேண்டும். விடுபாடு உறுதியானால் நீங்கள் இருவரும் சோதித்துக்கொள்ளுங்கள். லேசான அளவில் இருப்பவர்கள் அறியாமலே வளர்ந்திருப்பதுண்டு. ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவருக்கும் இல்லையென்றால் மிகக் குறைவு.