எண்ணெய்ச் சட்டி இருக்கும் கூடத்தில் தீயணைப்பானை எங்கே மாட்டுவது?

மணப்பாறையில் முறுக்கு போடுகிறோம். மூன்று அடுப்பு, ஏழு பெண்கள் வேலை. போன வாரம் ஒரு சட்டி எண்ணெய் பற்றிக்கொண்டது. 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பு சிலிண்டர் அந்த அடுப்புக்குப் பின்சுவரில் மாட்டியிருந்தது. தீயைத் தாண்டிக் கை நீட்ட முடியவில்லை. கேஸை அடைத்து, தட்டால் மூடி அணைத்தோம். இன்னும் படபடப்பு போகவில்லை. அதை எங்கே மாற்றுவது? அந்தப் பவுடரே போதுமா?

பதில்: நல்ல வேளை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. வெளியே போகும் வாசல் பக்கம் மாட்டுங்கள் அண்ணே. எடுப்பவர் முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து 30 அடிக்குள் போதும். பவுடர் சுவாலையை அடக்கும், எண்ணெயின் சூட்டைத் தணிக்காது, மறுபடி பற்றும். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே உள்ள கே கிளாஸ் தீயணைப்பான் வாங்குங்கள். அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் எண்ணெய் மேல் சோப்பு நுரையாகப் படிந்து மூடும், சூட்டையும் இறக்கும்.

பதில்: சிப்ஸ் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். எங்களிடம் ஒருமுறை பவுடர் அடித்து, திறந்திருந்த மாவு மூட்டை அத்தனையும் கொட்ட வேண்டியதாயிற்று. பவுடரை மின்தீக்கென்று மின்பலகைப் பக்கம் மாட்டி வையுங்கள். தரை கழுவும் தண்ணீர் பட்டால் அடிப்பாகம் துருப்பிடிக்கும், தரையில் வைக்காதீர்கள். முன்னால் மூட்டை அடுக்கவும் விடாதீர்கள்.

கேட்டவர்: சரி, நாளைக்கே வாசல் பக்கம் ஆணி அடிக்கிறேன். அப்புறம் ஏழு பேருக்கும் சிலிண்டரின் பூட்டு ஊசியை இழுத்துப் பழக்கிவிடுகிறேன்.