பி450 மதர்போட்டா, பி550 ஆ? வாங்கினவை சொல்லுங்கோ

கலியாண வீடியோ (கொக்குவில்):

வணக்கம். கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடிட் பண்ணுற ஆள் நான். மெஷின் பழசு: இன்ரெல் நாலாம் தலைமுறை ஐ5, டிடிஆர்3 தலைமுறை றாம் 16 ஜிபி, ஜிரிஎக்ஸ் 1050 ரிஐ கிராபிக்ஸ் காட். 2025 ஒக்ரோபரோட விண்டோஸ் 10 க்கு ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11 எண்டால் இன்ரெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழ அண்டாது. அதால மதர்போட், சிபியு, றாம் மூண்டையும் ஒரேயடியா மாத்திற முடிவு. சிபியு ஏஎம்டியின்ர ரைசன் 5 5600. அதில எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் போட்டிலதான்.

கஸ்தூரியார் வீதியில ஒரு கடையில ரெண்டு போட் காட்டினாங்கள். ரெண்டும் ஒரே கொம்பனி, ஒரே மைக்ரோ ஏரிஎக்ஸ் அளவு, ஒரே ஏஎம்4 சொக்கெட் (சிபியு இருக்கிற இடம்). ஒண்டு பி450, மற்றது பி550. விலையில பத்தாயிரத்துக்குக் கிட்ட வித்தியாசம். "அண்ணை, 550 புதுசு, அதை எடுங்கோ" எண்டார் கடைத் தம்பி. என்ன புதுசு எண்டு கேட்டால் "எல்லாம் கூட" எண்டார். அதுக்கு மேல அவருக்கும் தெரியாது போல.

இதில ஏதாவது ஒண்டை வைச்சிருக்கிறவை, வாங்கேக்க என்ன நடந்தது, இப்ப எப்பிடி ஓடுது எண்டு எழுதுங்கோ. யூரியூப் பார்த்துக் களைச்சிட்டன். அவையளுக்கு எங்கட கரண்டும் தெரியாது, சித்திரை வெய்யிலும் தெரியாது.

பல்கலைப் பெடியன் (திருநெல்வேலி):

அண்ணை, என்னட்ட இருக்கிறது பி550. பெட்டியில "பிசிஐஇ 4" எண்டு கொட்டை எழுத்தில கிடக்கும், ரெண்டு போட்டுக்கும் பெரிய வித்தியாசம் அதுதான். பிசிஐஇ எண்டது சிபியுவும் காட்டும் தகவல் கடத்துற பாதை, 4 எண்டால் 3 ஐ விட ரெண்டு மடங்கு வேகம். பி450 பிசிஐஇ 3 ஓட நிக்கும். பி550 இல கிராபிக்ஸ் காட் போடுற இடமும், சிபியுவோட நேர தொடுக்கிற எம்.2 இடமும் (சின்ன எஸ்எஸ்டி குத்துற இடம்) 4 ஆ ஓடும்.

ஆனால் அதைக் குடுக்கிறது சிபியு. நான் போட்டது 5600ஜி. காட் வாங்கக் காசில்லை, அந்த 'ஜி'க்குள்ள கிராபிக்ஸ் இருக்கு. 5600ஜி பிசிஐஇ 3 க்கு மேல போகாது, எந்தப் போட்டில போட்டாலும் அப்பிடித்தான். 5500 உம் அதே கதை. அது தெரிஞ்சுதான் எடுத்தனான், பிறகு சிபியுவை மாத்திற எண்ணம் இருக்கு. உங்கட 5600 இல 4 இருக்கு, ஆனால் 1050 ரிஐ பிசிஐஇ 3 காட். அதால காட்டுக்கு இண்டைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

எங்க அடிக்கும் எண்டதுக்கு ஒண்டு சொல்லுறன். என்னோட படிக்கிறவன் ஒருத்தன் பி450 இல ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்ரி போட்டவன். அந்தக் காட்டில இருக்கிறது வெறும் நாலு பாதை. பிசிஐஇ 4 எண்டு நினைச்சு நாலோட விட்டிருக்கிறாங்கள். பி450 இல அந்த நாலும் பாதி வேகத்தில ஓடுது. 4 ஜிபி நினைவு நிரம்பினவுடன கேம் இழுபடும். அதே காட்டை என்ர போட்டில 5600 ஓட போட்டால் நல்லாப் போகும், 5600ஜி ஓட போட்டால் திரும்பவும் இழுவைதான். 16 பாதை இருக்கிற ஆர்ரிஎக்ஸ் 3060 மாதிரிக் காட்டுக்கு பி450 உம் காணும்.

திருத்திற கடை (சுன்னாகம்):

தம்பி விளக்கமாச் சொல்லிப்போட்டார். ஆனால் என்ர மேசைக்கு வாற பி450 ஒண்டும் வேகம் காணாது எண்டு வாறதில்லை. "புதுப் போட், புதுச் சிபியு, விசிறி சுத்துது, திரையில ஒண்டும் இல்லை." இதுதான் வாற கதை.

காரணம் பயோஸ், அதாவது மெஷினை எழுப்பிற, போட்டுக்குள்ளயே இருக்கிற மென்பொருள். புதுச் சிபியுவை அடையாளம் காண அதுவும் புதுசா இருக்கவேணும். பி450 வந்தது 2018 இல. 5000 வரிசை சிபியு (உங்கட 5600 உம் அந்த வரிசைதான்) வந்தது 2020 கடைசியில. 2020 மே மாதம் ஏஎம்டி முதல் சொன்னது, பி450 க்கு அந்தப் புதுச் சிபியு வராது எண்டு. சனம் சத்தம் போட, அதே மாதத்துக்குள்ள சொன்னதை மாத்திச்சினம். அதால பயோஸ் வந்தது உண்மை. ஆனால் உங்கட கையில வாற பெட்டிக்குள்ள இருக்கிற போட்டில அது ஏத்திக் கிடக்கோ எண்டதுதான் கேள்வி. பெட்டியில "ரைசன் 5000 டெஸ்க்ரொப் ரெடி" எண்டு ஸ்ரிக்கர் இருந்தால் பயமில்லை. இல்லாட்டி கடைக்காரரிட்டயே சிபியுவைப் போட்டு, படம் வரப்பண்ணிக் காட்டச் சொல்லுங்கோ. முகத்தைச் சுழிச்சால் அடுத்த கடைக்குப் போங்கோ.

இதுக்கெண்டே என்ர லாச்சிக்குள்ள ஒரு பழைய 2200ஜி சிபியு கிடக்குது. பி450 இல அதைப் போட்டு எழுப்பி, பயோஸ் ஏத்தி, பிறகு புதுச் சிபியுவைப் போட்டுக் குடுப்பன். ஊர்ப் பொதுக் கிணத்து வாளி மாதிரி அது எல்லாரிட்ட போட்டுக்குள்ளயும் இறங்கி ஏறின சிபியு. பி550 இல அந்த வித்தை சரிவராது, பழைய 2000 வரிசையை பி550 ஏத்துக்கொள்ளாது. அங்க பயோஸ் பழசா இருந்தால் போட்டில இருக்கிற பயோஸ் ஏத்திற பட்டன்தான் காப்பாத்தும். கன பி550 இல அந்தப் பட்டன் இருக்கு, பி450 இலயும் சிலதில இருக்கு. பவர் சப்ளை வயரைக் கொழுவி, பென் டிரைவில கோப்பைப் போட்டு, பட்டனை அமத்தினால் போதும். சிபியுவும் தேவையில்லை, றாமும் தேவையில்லை. கடையில பெட்டியைத் திறந்து அந்தப் பட்டன் இருக்கோ எண்டு பாருங்கோ. 450 ஆ 550 ஆ எண்ட சிப்செட் இலக்கத்தைப் பற்றிக் கவலைப்படுறதுக்கு முந்திப் பார்க்கவேண்டியது அது.

கரண்ட் கதைக்கும் வாறன். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினவங்கள், ஞாபகம் இருக்கும். அப்ப மின்வெட்டு அட்டவணையைச் சுவரில ஒட்டிவைச்சுப் பார்த்துத்தான் பயோஸ் ஏத்தினனான். இப்ப அந்தளவு இல்லை, எண்டாலும் யுபிஎஸ் இல்லாமல் ஏத்தாதேங்கோ. பாதியில நிண்டால் போட் செத்த மாதிரிக் கிடக்கும். பட்டன் இருந்தால் அதாலயே திருப்பி எழுப்பலாம். பட்டன் இல்லாத போட் ஒண்டு வீட்டில ஏத்தி நிண்டுபோய் என்னட்ட வந்தது. பயோஸ் இருக்கிற சிப்பை, சிப்பில எழுதிற கருவியில (புரோகிராமர்) வெளியால பிடிச்சு எழுதித்தான் எழுப்பினனான். கன ஏஎம்4 போட்டில அந்தச் சிப் 1.8 வோல்ற். மலிவு புரோகிராமரை அடப்ரர் இல்லாமல் அப்பிடியே கொழுவினால் 3.3 குடுத்து எரிச்சுப்போடும். யூரியூப் பார்த்து வீட்டில செய்யுற வேலை இல்லை அது.

இன்னொண்டு. நீங்கள் வீடியோ ரெண்டர் போட்டால் மணிக்கணக்கில சிபியு முழு வேகத்தில ஓடும். சிபியுவுக்குப் பக்கத்தில கரண்ட் குடுக்கிற பகுதி இருக்கு. அதுக்கு மேல சூட்டை வெளியேத்திற அலுமினியக் கட்டி இருக்கோ எண்டு பாருங்கோ. 5600 எண்டது 65 வாட், கட்டி இல்லாத மொட்டைப் போட்டும் தாங்கும். நாளைக்கு எட்டுக் கோர் 105 வாட் ஒண்டு போட ஆசை வந்தால், பூட்டின அறைக்குள்ள, சித்திரையில, மொட்டைப் போட் சூடேறி வேகத்தைக் குறைக்கும்.

கடற்கரை வீடு (பருத்தித்துறை):

சூட்டை விட எங்களுக்கு உப்பு. வீட்டில இருந்து கடல் தெரியும். பின்பக்க யூஎஸ்பி வாயெல்லாம் துரு, திருகாணி கழட்ட வராது. என்ர பி450 இல இன்ரநெற் வயர் கொழுவுற லான் வாய் அப்பிடித்தான் போச்சுது. வாரன்ரி இருந்தது, ஆனால் துரு, எரிஞ்ச அடையாளம், உடைஞ்சது ஒண்டுக்கும் இல்லை எண்டு பில்லின்ர அடியில சின்ன எழுத்தில போட்டிருந்தது. அதே எழுத்தில "மூண்டு வருசம், 14 வேலைநாள் கழிச்சு" எண்டும் கிடந்தது. அந்த 14 நாளை ஏன் கழிக்கிறாங்கள் எண்டு யாருக்காவது தெரிஞ்சால் சொல்லுங்கோ.

அதுக்குப் பதிலா ஒரு யூஎஸ்பி லான் அடப்ரர் குத்தி ஓடிக்கொண்டிருக்கு. போட்டில பிழை சொல்ல ஒண்டும் இல்லை.

ரீச்சர் (இணுவில்):

எங்கட வீட்டுக் கதை இன்ரெல், ஆனால் இதே மாதிரி இரட்டைப் பிள்ளை விவகாரம்தான். மகனுக்கு பி760 போட் ஒண்டு. அதே பெயரில ரெண்டு வரும். ஒண்டில பெயரின்ர கடைசியில டிடிஆர்4 எண்டு வால் இருக்கும், மற்றதில வால் இல்லை, அது டிடிஆர்5. எங்களிட்ட டிடிஆர்4 றாம் ஏற்கெனவே இருந்தது. கொழும்பில ஒரு கடைக்குப் போன் எடுத்து வடிவாச் சொல்லித்தான் காசு போட்டனாங்கள். பஸ்ஸில வந்து இறங்கின பெட்டியில வாலைக் காணேல்லை.

இவர் றாமை எடுத்து வைச்சு அமத்தப் பார்த்தார். இறங்கேல்லை. "இன்னும் கொஞ்சம் பலமா" எண்டு எழும்ப, மகன் கையைப் பிடிச்சிட்டான். ரெண்டுக்கும் 288 பின்தான், நீளமும் ஒண்டுதான், ஆனால் நடுவில இருக்கிற வெட்டு வேற இடத்தில. அமத்தியிருந்தால் றாமும் போட்டும் ஒண்டாப் போயிருக்கும். கடைக்காரர் மாத்தித் தந்தவர், அதில குறை சொல்லேலாது. போய் வந்த பார்சல் காசு மட்டும் எங்கட தலையில.

தூரத்தில இருந்து எடுக்கிறவை, அனுப்ப முந்தி பெட்டியின்ர பக்கவாட்டு லேபிளைப் படம் பிடிச்சு வட்ஸ்அப்பில போடச் சொல்லுங்கோ. பில்லிலயும் முழுப் பெயரை எழுதுவியுங்கோ. "பி760 மதர்போட்" எண்டு மட்டும் எழுதினால் பிறகு நியாயம் கேக்கேலாது.

முந்தி மானிப்பாய் (ரொறன்ரோ):

இந்த நேரத்தில ஏன் ஏஎம்4? அடுத்த சொக்கெட் ஏஎம்5 2022 இலயே வந்திட்டுது. ஏஎம்டியின்ர புதுத் தலைமுறைச் சிபியு வாறது அதுக்குத்தான். இப்ப கொஞ்சம் கூடப் போட்டால் பிறகு போட் மாத்தத் தேவையில்லை.

திருத்திற கடை (சுன்னாகம்):

அண்ணை சொல்லுறது சரி, காசு இருக்கிறவைக்கு. ஏஎம்5 க்கு டிடிஆர்5 தான் போடலாம். இங்க இப்ப டிடிஆர்5 விலையைக் கேட்டால், அந்தக் காசுக்கு இவர் ஒரு லென்ஸ் எடுத்து ரெண்டு கலியாணம் கூடச் செய்வார். அதோட இங்க கழிச்சு விக்கிற ஏஎம்4 சாமான் நிறைய இருக்கு. பழுதானால் மாத்திப் போட ஏதாவது ஒண்டு கையில வரும்.

கலியாண வீடியோ (கொக்குவில்):

எல்லாருக்கும் நன்றி. கடைக்குப் போய் ரெண்டு பெட்டியையும் திறக்கச் சொன்னனான். பி450 இல றாமுக்கு ரெண்டு இடம், எம்.2 ஒண்டு, அலுமினியக் கட்டி இல்லை, பட்டன் இல்லை, ஸ்ரிக்கரும் இல்லை. பி550 இல றாமுக்கு நாலு, எம்.2 ரெண்டு, கட்டி இருக்கு, பட்டனும் இருக்கு. பத்தாயிரம் எதுக்கெண்டு அப்பத்தான் விளங்கிச்சு. பிசிஐஇ 4 ஐ விட எனக்கு அந்த ரெண்டாவது எம்.2 பெரிசு: ஒண்டில விண்டோஸ், மற்றதில அந்த வாரத்து வீடியோ. இப்ப 16 ஜிபி போட்டு, அடுத்த சீசனுக்கு இன்னொரு 16 போட இடமும் இருக்கு. பி550 எடுத்திட்டன்.

அதே கடையில பி450 இலயும் நாலு றாம் இடத்தோட கட்டி போட்ட ஒண்டு இருந்தது. அதுக்கும் பி550 க்கும் விலை வித்தியாசம் சொல்லும்படி இல்லை. "450 மலிவு" எண்ட கதை மொட்டைப் போட்டுக்குத்தான் பொருந்தும் போல.

சுன்னாகம் அண்ணை, ஒரு கேள்வி. என்ர பழைய பவர் சப்ளையில சிபியுவுக்கு 4 பின் வயர்தான் இருக்கு. போட்டில 8 பின். பழைய இன்ரெல் விசிறியைப் போடலாமோ?

திருத்திற கடை (சுன்னாகம்):

விசிறி பொருந்தாது, ஓட்டை வேற. 5600 பெட்டிக்குள்ளயே ஒரு விசிறி வரும், அது காணும். 4 பின்னைக் கொழுவினால் 65 வாட் சிபியு அனேகமா எழும்பும், ஆனால் மணிக்கணக்கில ரெண்டர் போடுற மெஷினுக்கு அப்பிடி ஓட விடமாட்டன். அந்தப் பவர் சப்ளை ஐ5 ஓட வாங்கினது எண்டால் வயசும் போட்டுது. அதையும் தூக்கிக்கொண்டு வாங்கோ, லோட் போட்டுப் பார்த்துச் சொல்லுறன். ஞாயிறு கடை பூட்டு.