ஒரே மெஷினுக்கு ரெண்டு எண் வருது, ஹால்டிங் நிரூபணம் நிக்குமா?

வணக்கம். டூரிங் மெஷினை (விதிகள்படி நாடாவுல குறிகளைப் படிச்சு எழுதுற கற்பனைக் கணினி) எண்ணாக மாத்துற இடத்துல மூணு நாளா முட்டிக்கிட்டு நிக்கிறேன். திங்கட்கிழமை வகுப்புல ஹால்டிங் பிராப்ளத்தை, அதாவது ஒரு மெஷின் நின்னுடுமா, ஓடிக்கிட்டே இருக்குமான்னு எல்லா மெஷினுக்கும் சொல்ற பொது முறை கிடையாதுங்கிறதை, நான்தான் போர்டுல நிரூபிக்கணும்.

டூரிங்கோட 1936 கட்டுரை முறையையே பைத்தான்ல எழுதினேன். மெஷின் இருக்கிற முதல் நிலைக்கு (state) பேர் டிஏ, ரெண்டாவதுக்கு டிஏஏ; அப்புறம் ஏ=1, சி=2, டி=3, எல்=4, ஆர்=5, என்=6, அரைப்புள்ளி=7. 0, 1 மாறி மாறி அச்சடிக்கிற அவரோட உதாரணத்தைப் போட்டேன். கட்டுரையில இருக்கிற 31332531173113353111731113322531111731111335317 அச்சு அசலா வந்துச்சு. சந்தோஷம் அஞ்சு நிமிஷம்தான்.

ரெண்டாம், மூணாம் நிலைகளோட பேரை மட்டும் மாத்திப் பார்த்தேன். 3133253111-ன்னு ஆரம்பிச்சு வேற எண். மெஷின் செய்யிற வேலையில துளி மாற்றமில்லை!

மெஷினோட விதி வரிகளை வரிசைப்படுத்தியும் பார்த்தாச்சு, பேர் மாறினா எண்ணும் மாறுது. முதல் நிலையை நிறுத்தி மத்த மூணையும் ஆறு விதமா மாத்தி, சின்ன எண்ணை எடுத்தேன். அது சரியா வருது. ஆனா எதுக்கும் உதவாத அஞ்சாவது நிலை ஒண்ணைச் சேர்த்தா மறுபடி பழைய கதைதான்.

என் கேள்வி இதுதான்: முரண் மெஷினுக்கு (சோதனை ‘நிக்கும்’னு சொன்னா ஓடிக்கிட்டே இருக்கிற, ‘ஓடும்’னு சொன்னா நின்னுடுற மெஷின்) அதோட எண்ணையே உள்ளீடா கொடுக்கிறப்போ, ஒரு மெஷினுக்கு ஒரே எண்தான் இருக்கணும்னு நிரூபணம் எங்கேயாவது எதிர்பார்க்குதா?