ஆடாசிட்டி வோக்கோடரில் ரோபோ குரல் வரவில்லை, "பீ... பீ..." என்று விசில்தான் கேட்கிறது. உதவி தேவை

செம்பனைக்காடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். எங்கள் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். பழம் வெட்ட ஆள் கிடைக்காமல் மேனேஜர் ஒரு ரோபோவை இறக்குகிறார், அது வந்து மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) வாயாடுகிறது, இதுதான் கதை. ரோபோ வசனத்தை முன்னாலேயே பதிவுசெய்து மண்டபத்தில் ஓடவிட வேண்டும். குரல் என் மகனுடையது. டீச்சர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

ஆடாசிட்டியில் (ஒலியைத் திருத்தும் மென்பொருள்) வோக்கோடர் போட்டால் ரோபோ மாதிரி வரும் என்றார்கள். முதலில் ஸ்டீரியோ டிராக் (இடது, வலது என இரண்டு பக்கம் உள்ள ஒலித்தடம்) வேண்டும் என்று பிழை காட்டியது. அப்புறம் மகன் குரலை மேலே வைத்து, ஜெனரேட் மெனுவில் டோன் ஒன்றை உண்டாக்கி அதற்குக் கீழே வைத்து, இரண்டையும் ஸ்டீரியோவாகச் சேர்த்து ஓட்டினேன். பிழை வரவில்லை. ஆனால் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவன் பேசும் இடங்களில் ஒரு விசில் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். பாதி வசனத்துக்கு மேல் அந்த விசிலும் நின்று மொத்தமும் அமைதி. கணினி விண்டோஸ், பதிவுசெய்தது கைப்பேசியில். விழா அடுத்த வாரம்.

ரப்பர்பந்து எழுதியது:

வோக்கோடர் எதற்கு அக்கா? சேஞ்ச் பிட்ச் (சுருதி மாற்றம்) போட்டுக் குரலைக் கீழே இறக்குங்கள், வேலை முடிந்தது. எங்கள் பொங்கல் விழா நாடகத்தில் அப்படித்தான் செய்தோம்.

செம்பனைக்காடு எழுதியது:

போட்டுப் பார்த்தேன் தம்பி. ரோபோ வரவில்லை, பூதம் வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர்தான் சிரிக்கவில்லை.

குளுவாங் ஒலிபெருக்கி எழுதியது:

தங்கச்சி, அந்த விசில் ஏறக்குறைய 30 வினாடியில் நிற்கிறதா? நிற்கிறது என்றால் டோன் பெட்டியில் எதையும் மாற்றாமல் ஓகே கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பெட்டி திறக்கும்போதே சைன் அலை, 440 ஹெர்ட்ஸ், 30 வினாடி என்றுதான் இருக்கும். உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் அதுவே.

வோக்கோடர் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எந்த எண்ணை எதற்குத் திருப்புகிறோம் என்று நீங்களே பிடித்துக்கொள்வீர்கள். இடது பக்கத்தில் இருக்கும் குரலை அது தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஆடாசிட்டியில் சாதாரணமாக 40 பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் அந்த நொடியில் எவ்வளவு சத்தம் என்று அளக்கிறது. வலது பக்கத்தில் இருக்கும் ஒலியையும் அதே மாதிரி பிரித்து, குரல் எந்தப் பட்டையில் எவ்வளவு இருந்ததோ அந்த அளவுக்கு இதைத் திறந்துவிடுகிறது. ஆக, கடைசியில் நம் காதில் விழுவது மகனுடைய குரல் இல்லை, அவன் வாயசைப்பில் வலது பக்கத்து ஒலி பேசுகிறது.

சைன் அலையில் 440 என்ற ஒரே அதிர்வெண்தான் உண்டு. மற்றப் பட்டைகளில் திறந்துவிட ஒன்றுமே இல்லை. அதனால்தான் விசில் மட்டும் ஏறி இறங்குகிறது. வலது பக்கத்துக்குக் கீழிருந்து மேல்வரை நிறைந்த ஒலி வேண்டும். இப்படிச் செய்யுங்கள்:

பழைய டோனை அழித்துவிடுங்கள். டிராக் எதுவும் தேர்வாகாமல் இருக்கக் காலி இடத்தில் ஒரு கிளிக் செய்யுங்கள். (குரல் டிராக் தேர்வாகி இருந்தால் டோன் அதற்குள்ளேயே போய் உட்கார்ந்து பதிவைக் கெடுத்துவிடும், கவனம்.) ஜெனரேட், டோன். அலை வடிவம் சாடூத் (ரம்பப் பல் மாதிரி அலை), அதிர்வெண் 110, நீளம் குரல் பதிவின் நீளத்துக்குச் சமம் அல்லது கொஞ்சம் கூடுதல். குரல் மேலே, சாடூத் கீழே. மேல் டிராக்கின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்பைத் தட்டி மேக் ஸ்டீரியோ டிராக். மேலே இருப்பது இடது, கீழே இருப்பது வலது, இது மாறக் கூடாது. பிறகு முழுவதையும் தேர்வுசெய்து வோக்கோடர்.

கைப்பேசிப் பதிவு ஸ்டீரியோவாக இருந்தால் மேக் ஸ்டீரியோ வேலை செய்யாது. டிராக்ஸ் மெனுவில் மிக்ஸ் என்பதற்குள் போய் முதலில் அதை மோனோவாக்குங்கள் (ஒரே பக்கமாக). ஒவ்வொரு கட்டத்திலும் ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமித்துக்கொள்வது நல்லது.

செம்பனைக்காடு எழுதியது:

அண்ணே, சரியாக 30 வினாடியில்தான் நிற்கிறது! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

சாடூத் போட்டதும் ரோபோ வந்துவிட்டது. மகன் வீடு முழுக்கக் குதிக்கிறான். ஆனால் புதுசாக இரண்டு சிக்கல். ஒன்று, அவன் பேசாமல் இருக்கும் இடைவெளியிலும் "ங்ங்ங்" என்று இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவதுதான் பெரிய கூத்து. வசனம் இது: "சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், செம்பனை எங்கே, காட்டுங்கள்." கேட்பது இது: "அம்பளம் வேண்டாம், ஆப்பாடு வேண்டாம், எம்பனை எங்கே." ச வருகிற இடமெல்லாம் விழுங்கிவிடுகிறது. மாமியார் கேட்டுவிட்டு, "அந்த ரோபோவுக்கு முன்பல் இல்லையா?" என்கிறார்.

குளுவாங் ஒலிபெருக்கி எழுதியது:

மாமியாருக்கு நல்ல காது.

ச-வை முதலில் பார்ப்போம். நாம் "சம்பளம்" என்னும்போது முதலில் வரும் அந்தச் சீறல் வெறும் காற்று. அதன் பலம் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. சாடூத்தில் 110, 220, 330 என்று மடங்கு மடங்காக அலைகள் உண்டு, ஆனால் மேலே போகப் போக மெலிந்துவிடும்: இரண்டாவது பாதி, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு. 5000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது அது 45-வது மடங்கு, பலம் 45-இல் ஒரு பங்கு. ச வரும்போது வோக்கோடர் மேல் பட்டையைத் திறக்கத்தான் செய்கிறது, அங்கே வெளியே விடச் சரக்கு இல்லை.

அதற்குத்தான் வோக்கோடர் பெட்டியில் வைட் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த "ஷ்ஷ்" இரைச்சல்) அளவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முதலில் பூச்சியமாக இருக்கும். 10-இல் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். "சம்பளம்" தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ரோபோ ரகசியம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். பட்டை எண்ணிக்கையை 40-இலிருந்து 80 ஆக்கினால் சொற்கள் இன்னும் தெளியும், கணினி சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். டிஸ்டன்ஸ் எண்ணை ஏற்றாதீர்கள், ஏற்ற ஏற்றச் சொற்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும்.

இடைவெளி இரைச்சலுக்கு வருகிறேன். பதிவுசெய்தபோது மின்விசிறி ஓடியதா? மழையா?

செம்பனைக்காடு எழுதியது:

இரண்டும். தகரக் கூரை, சாயங்கால மழை, விசிறியை நிறுத்தினால் பையன் பேச மாட்டேன் என்கிறான்.

குளுவாங் ஒலிபெருக்கி எழுதியது:

அதுதான். உங்கள் காதுக்கு அது மழை, வோக்கோடருக்கு அதுவும் குரல்தான். மழை எல்லாப் பட்டையிலும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதால் எல்லாக் கதவும் எப்போதும் ஒரு விரற்கடை திறந்தே கிடக்கிறது, சாடூத் அதன் வழியே கசிகிறது. வைட் நாய்ஸ் சேர்த்தால் இந்தக் கசிவு இன்னும் கூடும், அதனால் இதைச் சரிசெய்துவிட்டு அதைத் தொடுங்கள்.

ஸ்டீரியோவாகச் சேர்ப்பதற்கு முன்பே, குரல் மட்டும் இருக்கும் டிராக்கில் நாய்ஸ் ரிடக்ஷன் (இரைச்சல் குறைப்பு) செய்ய வேண்டும். மகன் பேசாத, வெறும் மழையும் விசிறியும் கேட்கும் ஓரிரு வினாடியைத் தேர்வுசெய்து நாய்ஸ் ப்ரொஃபைல் (இரைச்சலின் மாதிரி) எடுங்கள். பிறகு முழு டிராக்கையும் தேர்வுசெய்து 12 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். வசனங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடங்களைத் தேர்வுசெய்து கண்ட்ரோல் எல் அழுத்தினால் அங்கே முழு அமைதி. நான் பாதி நேரம் இதைத்தான் செய்கிறேன், மென்பொருளை நம்பிக்கொண்டு இருப்பதில்லை.

கிராணி மகன் எழுதியது:

அக்கா, மறுபடியும் பதிவுசெய்ய வாய்ப்பு இருந்தால் மகனைக் காடிக்குள் (காருக்குள்) உட்கார வையுங்கள். மழை இல்லாத நேரம், கண்ணாடி ஏற்றி, இஞ்சினை நிறுத்தி. கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரம். நான் தேவாரப் போட்டிக்குத் தங்கையின் குரலை அப்படித்தான் எடுத்தேன். வேர்த்துக் கொட்டும், ஆனால் பதிவு சுத்தம்.

இன்னொன்று. சாடூத் உண்டாக்கச் சோம்பலாக இருந்தால், அதே வோக்கோடர் பெட்டியில் ரேடார் நீடில்ஸ் என்று இருக்கிறது. அது வரிசையாகக் குத்தும் சின்னச் சின்னத் துடிப்பு, மேல் அதிர்வெண்ணும் அதில் நிறைய உண்டு. ஒரிஜினல் ஆடியோ அளவைப் பூச்சியமாக்கி இதை 100 ஆக்கி, இதன் அதிர்வெண்ணை 30-இலிருந்து 100-க்குக் கொண்டுபோனால் கரடுமுரடான பழைய ரோபோ கிடைக்கும். வலது பக்கத்தில் எதையாவது வைத்துத்தான் ஆக வேண்டும், டிராக் ஸ்டீரியோவாக இருக்க வேண்டுமே.

பழைய வானொலி எழுதியது:

தகவலுக்கு: வோக்கோடர் பாட்டுக்காகவோ படத்துக்காகவோ பிறந்தது இல்லை. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி என்ற பொறியாளர் 1928 வாக்கில் தொடங்கிய வேலை. தொலைபேசிக் கம்பியில் குரலைச் சுருக்கி அனுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. இரண்டாம் உலகப் போரில் 1943 முதல் நேச நாட்டுத் தலைவர்களின் ரகசியத் தொலைபேசிப் பேச்சுக்கு இதே நுட்பத்தைப் பயன்படுத்தினார்கள். ஆட்டோடியூனை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 1997-இல் வந்தது, பாடுகிறவரின் சுருதியைத் திருத்துவது, வேறு வேலை.

ரப்பர்பந்து எழுதியது:

ஐயா, அக்காவுக்கு அடுத்த வாரம் நாடகம்.

செம்பனைக்காடு எழுதியது:

பரவாயில்லை தம்பி, மகன் இதைப் படித்துவிட்டு ரோபோ ஓர் உளவாளி என்று கதையை மாற்றலாமா என்று கேட்கிறான்.

காடிக்குள் மறுபடியும் பதிவுசெய்தோம். இரைச்சல் போய்விட்டது. வைட் நாய்ஸ் 15, பட்டை 80. சம்பளமும் சாப்பாடும் திரும்பி வந்துவிட்டன, மாமியாரும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஹெட்போனில் கேட்டால் இடது காதில் மகனுடைய சாதாரணக் குரல், வலது காதில் ரோபோ. இதை மண்டபத்தில் போட்டால் எப்படிக் கேட்கும்? பள்ளியில் பழைய ஆம்ப்ளிஃபையர், சுவரில் குழாய் ஒலிபெருக்கி இரண்டு.

குளுவாங் ஒலிபெருக்கி எழுதியது:

நல்லவேளை இப்போதே கேட்டீர்கள். வோக்கோடர் பெட்டியில் அவுட்புட் என்ற இடத்தில் வலது மட்டும் என்று தேர்வாகி இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் என்று மாற்றி, சேமித்து வைத்த முந்தின ப்ராஜெக்டிலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. பள்ளி ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் மோனோ. லேப்டாப்பிலிருந்து போகும் கம்பியின் முனையில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு தலை இருக்கும், யாராவது ஒன்றை மட்டும் சொருகி வைத்திருப்பார்கள். அது இடதாக இருந்தால் ரோபோவே வராது, உங்கள் மகன் மட்டும் பேசுவான். இரண்டும் கலந்து போனால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவார்கள். அதனால் ஏற்றுமதி செய்யும்போதும் மோனோ என்று தேர்வுசெய்து வேவ் கோப்பாக எடுங்கள், எந்தத் தலையைச் சொருகினாலும் கவலை இல்லை.

குழாய் ஒலிபெருக்கி அடித்தொனியைத் தராது, 110 ஹெர்ட்ஸ் அதில் சுத்தமாகக் கேட்காது. பயம் வேண்டாம், மேல் மடங்குகள் கேட்கும், காது மீதியை நிரப்பிக்கொள்ளும். ஆனால் ஹெட்போனில் அளவாகக் கேட்கும் வைட் நாய்ஸ் குழாயில் கூர்மையாகக் கேட்கலாம். வைட் நாய்ஸ் 8, 15 என்று இரண்டு கோப்பு எடுத்துப்போய் ஒத்திகை அன்று மண்டபத்திலேயே ஓட்டிப் பாருங்கள், நீங்கள் பின்வரிசையில் நின்று.

செம்பனைக்காடு எழுதியது:

மாற்றிவிட்டேன், இரண்டு காதிலும் ரோபோதான். ஒத்திகை வெள்ளிக்கிழமை. அண்ணே, கடைசியாக ஒன்று: முடிவில் ரோபோ ஒரு வரி பாட வேண்டும் என்கிறார் டீச்சர். முடியுமா?

குளுவாங் ஒலிபெருக்கி எழுதியது:

முடியும். ஒரே சாடூத்துக்குப் பதில் மூன்று தனி டிராக்: 110, 138.6, 164.8 ஹெர்ட்ஸ். மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்டு (ஒத்திசையும் மூன்று சுரம்). ஒவ்வொன்றின் அளவையும் 0.25 வைத்து உண்டாக்குங்கள், இல்லாவிட்டால் சேரும்போது உடையும். மூன்றையும் மிக்ஸ் அண்ட் ரெண்டர் (ஒன்றாகக் கலத்தல்) செய்து ஒரே மோனோ டிராக்காக்கி வலது பக்கம் வையுங்கள். மகன் ராகம் போட வேண்டாம், தாளத்தோடு பேசினால் போதும், சுருதி சாடூத்திலிருந்து வரும். வரியின் நடுவில் சுருதி மாற வேண்டும் என்றால், அந்த இடத்தில் வேறு அதிர்வெண்ணில் டோன் உண்டாக்கி ஒட்ட வேண்டும். வரி எவ்வளவு நீளம் என்று சொல்லுங்கள், எண்களைக் கணக்கிட்டுத் தருகிறேன்.